வக்கீலிடம் கேளுங்கள்: கூண்டில் ஏறுவதற்கு முன்னால்

போன மாதம் செக் வழக்குகளைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வணிக நீதிமன்றம் பற்றித்தான். காரணம் புரிகிறது. 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத தகராறுகள் மட்டுமே அங்கே போயின. 2018 மே மாதம் அதை மூன்று லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரமாக இருந்தது கடைக்காரர்கள் சமாச்சாரமாகிவிட்டது. ஆனால் நம் ஆட்கள் இன்னும் பழைய சிவில் கோர்ட்டுக்குப் போகிற மாதிரியே, "முதலில் பிராதைப் போடுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று போய் அடி வாங்குகிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான், அதிலும் விசாரணை தொடங்கும் வரை என்ன நடக்கிறது என்பது மட்டும்.

நூல் வாங்கி விற்கிறேன். சொந்த மில் கிடையாது. ஒரு பனியன் கம்பெனி 18 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி. முதல் பில் 2023 செப்டம்பர் 10, கடைசி பில் 2024 ஜனவரி, எல்லாமே 45 நாள் கடன். வழக்குப் போடப் போனால், முதலில் சமரசத்துக்கு மனுப் போட வேண்டும் என்கிறார் வக்கீல். போனையே எடுக்காத ஆள் சமரசத்துக்கா வரப்போகிறார்? ஒரு தடையாணை மனுவையும் சேர்த்துப் போட்டு நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாதா? (வாசகர், திருப்பூர்)

அவர் வர மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் வக்கீலுக்கும் தெரியும். ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டும். சட்டத்தின் 12ஏ பிரிவு, அவசர இடைக்கால நிவாரணம் எதுவும் தேவைப்படாத வணிக வழக்கில் முதலில் சமரசம் முயல வேண்டும் என்கிறது. இது வெறும் அறிவுரைதானே என்று பல ஊர்களில் பல வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 ஆகஸ்ட்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது கட்டாயம் என்று சொல்லி, அந்த மாதம் 20-ஆம் தேதியிலிருந்து சமரசம் முயலாமல் போடப்படும் பிராதுகள் நிராகரிக்கப்படும் என்றும் தேதி குறித்துவிட்டது. நிராகரிப்பு என்றால் உங்கள் பாக்கி உண்மையா பொய்யா என்றே பார்க்க மாட்டார்கள், கட்டு அப்படியே வாசலோடு திரும்பி வரும்.

நீங்கள் கேட்ட குறுக்கு வழியை உங்களுக்கு முன்பே நிறைய பேர் முயன்று பார்த்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் யாமினி மனோகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அவசரம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, அது நிஜ அவசரமா, சமரசத்தைத் தவிர்க்கப் போட்ட வேஷமா என்று நீதிபதி பிராதையும் ஆவணங்களையும் வைத்துப் பார்க்கலாம். உங்களுடையது பழைய பாக்கி. "தீர்ப்புக்கு முன்பே அவர் சொத்தை ஜப்தி செய்யுங்கள்" என்று கேட்பதாக இருந்தால், அவர் டிக்ரியை ஏமாற்றுவதற்காகச் சொத்தை விற்கிறார், அப்புறப்படுத்துகிறார் என்று காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். பணம் தரவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது.

சரி, நடைமுறை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முதலாம் படிவத்தில் மனு, கட்டணம் ஆயிரம் ரூபாய். எதிராளிக்குத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் போகும். பதில் சொல்லப் பத்து நாள். சத்தமில்லை என்றால் கடைசி நோட்டீஸ் ஒன்று. அதற்கும் வரவில்லை, அல்லது வந்து "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டார் என்றால் 'நான்-ஸ்டார்ட்டர்' ரிப்போர்ட் தருவார்கள். அந்த ஒரு தாள்தான் உங்களுக்குக் கோர்ட்டு வாசலைத் திறக்கிற சாவி. ஆயிரம் ரூபாயோடு முடிந்தது. அவர் வந்து உட்கார்ந்தால்தான் மத்தியஸ்தர் கட்டணம். பத்து லட்சத்துக்கு மேல் ஐம்பது லட்சம் வரை 30 ஆயிரம், ஆளுக்குப் பாதி. மொத்தம் மூன்று மாதம், இருவரும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு. பேசி முடிந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு ஆர்பிட்ரேஷன் (நடுவர்) தீர்ப்பின் மதிப்பு உண்டு, அவர் மீறினால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், நேராக நிறைவேற்று மனுவே போடலாம்.

இன்னொன்று, அவர் போனை எடுக்காததை வைத்து ரொம்பக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் எடுக்காத ஆள், நீதிமன்ற வளாகத்திலிருந்து கவர் வந்ததும் மச்சானை விட்டுப் பேசச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது காலக்கெடு பற்றி. ஒவ்வொரு பில்லுக்கும் கடன் நாள் முடிந்ததிலிருந்து மூன்று வருடம். செப்டம்பர் 10 பில்லுக்கு 45 நாள் முடிவது 2023 அக்டோபர் 25, ஆக 2026 அக்டோபர் 25-க்குள் வழக்குப் போட வேண்டும். சமரசத்தில் கழிந்த நாட்களைச் சட்டம் கழித்துக்கொள்கிறது, ஆனால் மனுவையே கடைசி வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதை நம்பி இருக்காதீர்கள். நடுவில் அவர் பகுதித் தொகை வங்கி வழியாகப் போட்டிருந்தாலோ, மார்ச் மாதக் கணக்குக்காகப் பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலோ தேடி எடுங்கள், கெடு அங்கிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

நீங்களே நூற்பாலை வைத்திருந்தால் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசூல் கவுன்சிலுக்குப் போகச் சொல்லியிருப்பேன். அங்கே ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க முடியும். வாங்கி விற்பவருக்கு அந்த வழியில் தகராறு வரும், இதையே பாருங்கள்.

எங்கள் லேத் பட்டறை மீது மோட்டார் உதிரிபாகக் கம்பெனி 31 லட்சத்துக்கு வழக்குப் போட்டு சம்மன் வந்துவிட்டது. ஜனவரி 12 அன்று வாங்கினேன். "பயப்படாதீங்க, நாலைந்து வாய்தா வாங்கிடலாம், அதற்குள் அவர்களே இறங்கி வருவார்கள்" என்கிறார் சித்தப்பா. அவர் நிலத் தகராறில் பன்னிரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைந்த அனுபவசாலி. (வாசகர், கோவை)

சித்தப்பாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அது வேறு கோர்ட்டு. சாதாரண சிவில் வழக்கில் எதிருரை, அதாவது பிராதுக்குப் பிரதிவாதியின் பதில், போட 90 நாள் என்று இருந்தாலும், காரணம் சொன்னால் அதற்குப் பிறகும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். வணிக வழக்கில் அப்படி இல்லை. சம்மன் கிடைத்து 30 நாள், அதைத் தாண்டினால் காரணம் எழுதிக் காட்டி, செலவுத்தொகை கட்டி, அதிகபட்சம் 120 நாள். 121-ஆம் நாள் நீங்கள் எதிருரையைத் தங்கத் தட்டில் வைத்துக் கொண்டுபோனாலும் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2019-இல் எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முப்பதாவது நாள் பிப்ரவரி 11, நூற்றிருபதாவது நாள் மே 12. மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. அந்த நேரத்தில் வக்கீலும் குமாஸ்தாவும் ஊருக்குப் போயிருப்பார்கள், நீங்கள் குலதெய்வம் கோயில் வாசலில் நின்றுகொண்டு போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். எனவே பிப்ரவரி 11-தான் உங்கள் தேதி என்று காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள், மே மாதம் ஒன்று இருப்பதையே மறந்துவிடுங்கள்.

எதிருரையையும் பழைய பாணியில் எழுதக் கூடாது. "பிராதில் கண்டவை அனைத்தும் பொய், வாதி நிரூபிக்கக் கடமைப்பட்டவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிற பழக்கம் நம் பக்கம் ரொம்பப் பழையது. இங்கே எந்தச் சங்கதியை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள், உங்கள் பக்கக் கதை என்ன என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சரியாக மறுக்காததை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 31 லட்சத்தில் 22 லட்சம் நிஜமாகவே பாக்கி, மீதி ரிஜெக்ட் ஆன பீஸ்களுக்கானது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு அப்புறம் லெட்ஜரில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். உங்களுக்கு அவர்களிடமிருந்து வர வேண்டியது இருந்தால் எதிர்க் கோரிக்கையும் இப்போதே.

உப்புச் சப்பில்லாத எதிருரைக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. சம்மன் உங்கள் கையில் சேர்ந்த பிறகு, எழுவினாக்கள், அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள், வகுக்கும் முன் எப்போது வேண்டுமானாலும், "இந்தப் பிரதிவாதி ஜெயிக்க உண்மையான வாய்ப்பே இல்லை, சாட்சி விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கொடுங்கள்" என்று அவர்கள் மனுப் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஏ கட்டளை என்போம். உங்களுக்குப் பதில் சொல்ல முப்பது நாள் தருவார்கள். உங்கள் வாதம் பலவீனம், ஆனால் முழுக்கத் தள்ள முடியாது என்று நீதிபதி நினைத்தால், இவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு வழக்கை நடத்து என்றும் உத்தரவு போட முடியும். இந்த வழி உங்களுக்கும் உண்டு, அவர்கள் கேஸ் ஒன்றுமில்லை என்றால்.

ஏற்றுமதி ஜவுளி. உள்ளூர் பிராண்ட் ஒன்று ஆறு லாட் பெட்ஷீட் வாங்கிவிட்டு, நிறம் சரியில்லை என்று மொத்தப் பணத்தையும் நிறுத்திவைத்திருக்கிறது. ஐந்து லாட் சுத்தம். நான்காவது லாட்டில் மட்டும் எங்கள் க்யூசி பையன் "ஷேடு மேட்ச் ஆகல, இருந்தாலும் அனுப்பிடறேன்" என்று எங்கள் மேனேஜருக்கு மெயில் போட்டிருக்கிறான். இதைக் கோர்ட்டில் காட்ட வேண்டுமா? எதிராளிக்கு இந்த மெயில் தெரியாது. வாட்ஸாப் பேச்சையும் ஆதாரமாகக் காட்டலாமா? (வாசகர், கரூர்)

காட்ட வேண்டும். வருத்தமாகத்தான் இருக்கும்.

சாதாரண வழக்கில் தன்னிடம் இருப்பதில் தனக்கு உதவுவதை மட்டும் தாக்கல் செய்வார்கள், மற்றது பீரோவுக்குள் தூங்கும். வணிக வழக்கில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளையை மாற்றி எழுதிவிட்டார்கள். வழக்குச் சங்கதிகளோடு சம்பந்தப்பட்டு உங்கள் கைவசமோ கட்டுப்பாட்டிலோ இருக்கிற ஆவணம் எல்லாம், உங்களுக்குச் சாதகமோ பாதகமோ, பிராதோடு பட்டியலாக வர வேண்டும். அதோடு "எங்களிடம் இருப்பது எல்லாவற்றையும் தாக்கல் செய்துவிட்டோம், வேறு எதுவும் இல்லை" என்று சத்தியம் செய்து உறுதிமொழி. பிராதுக்குத் தனியாக ஓர் உண்மை உறுதிமொழியும் உண்டு, அதில் கையெழுத்து உங்களுடையது, வக்கீலுடையது அல்ல. அந்தப் பையன் நாளைக்கு வேலையை விட்டுவிட்டு, எதிராளியிடமே சேரலாம். அல்லது அவர்கள் எழுத்துமூலக் கேள்விகள் அனுப்பி, "நான்காவது லாட் பற்றி உங்கள் தரப் பிரிவு ஏதாவது எழுதியதா" என்று கேட்கலாம். அன்றைக்கு உங்கள் ஐந்து நல்ல லாட்டையும் சேர்த்து நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். என் யோசனை, மெயிலைப் போட்டுவிட்டு நான்காவது லாட்டுக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்து மீதிக்குக் கேளுங்கள். வக்கீலுக்கு நீங்கள் எழுதியது, வக்கீல் உங்களுக்கு எழுதியது மட்டும் இரகசியம், அதைக் கேட்க முடியாது.

பிராதோடு போடாத ஆவணத்தைப் பிறகு போட ரொம்ப அவசரமாக வழக்குத் தாக்கல் ஆகியிருந்தால் முப்பது நாள் அவகாசம் கேட்கலாம். அதற்கும் பிறகு என்றால் ஏன் முதலிலேயே போடவில்லை என்று நியாயமான காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். "கணக்கப்பிள்ளை லீவில் போய்விட்டார்" என்பது அந்த வகையில் சேராது. ஆகவே வழக்குப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருங்கள். சலான் கட்டை மேசையில் கொட்டுங்கள். போன வருடம் ஒரு கட்சிக்காரரோடு அப்படி உட்கார்ந்தேன். 37 டெலிவரி சலான், அதில் 28-இல் எதிராளி குடோன் முத்திரையும் கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. ஒன்பதில் வலது மூலையில் லாரி டிரைவர் போட்ட கிறுக்கல் மட்டும், ஒன்றில் டீ பட்டு அதுவும் கரைந்துபோயிருந்தது. அந்த ஒன்பதுக்கும் இ-வே பில், எடைச் சீட்டு, எதிராளி அந்த மாத ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி எடுத்ததற்கான விவரம் என்று தேடியெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் வழக்குக்கு முன்னால் கிடைத்ததால் பிழைத்தோம்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், எதிருரை வந்து முப்பது நாளுக்குள் ஒருவர் ஆவணத்தை ஒருவர் பார்வையிட்டு, அது முடிந்த பதினைந்து நாளில் ஏற்பு, மறுப்பு அறிக்கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் எதிரே, உள்ளடக்கம் சரியா, இப்படி ஓர் ஆவணம் உண்டா, கையெழுத்து உண்மையா, அனுப்பியது அல்லது கிடைத்தது உண்மையா, யார் வசம் இருந்தது என்று எழுத வேண்டும். மறுத்தால் காரணமும். வெறுமனே "மறுக்கிறேன்" என்று எழுதினால் செல்லாது, வீம்புக்கு மறுத்தால் செலவுத்தொகை விழும். முத்திரையோடு இருந்த அந்த 28 சலானையும் எதிராளி அங்கேயே ஒத்துக்கொண்டார், அவற்றுக்குச் சாட்சியே தேவைப்படவில்லை.

வாட்ஸாப் காட்டலாம். 2024 ஜூலை 1-லிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி, ஒன்று உங்களுடையது, மற்றது நிபுணருடையது, ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிடாதீர்கள். தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கிய ஒருவர் வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு என் முன்னால் வந்து நின்றார். "அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுடறேண்ணே" என்று எதிராளி எழுதியது அழகாகத் தெரிகிறது, எந்த நம்பரிலிருந்து, எந்தத் தேதியில் என்பது மட்டும் தெரியவில்லை.

எங்கள் இடத்தில் குடோன் வைத்திருப்பவர் மீது வாடகை பாக்கிக்கு வழக்கு. இது வணிக நீதிமன்றமா, சாதாரண கோர்ட்டா? (வாசகர், மதுரை)

வியாபாரத்துக்கு மட்டுமே பயன்படுகிற இடம் குறித்த ஒப்பந்தமாக இருந்தால் வணிகத் தகராறு. "பயன்படுகிற" என்பதுதான் சிக்கல். 2019-இல் அம்பாலால் சாராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், இனிமேல் பயன்படுத்தப் போகிறோம் என்பது போதாது, நடப்பில் பயன்பட்டிருக்க வேண்டும் என்றது. உங்கள் குடோனில் சரக்கு இருக்கிறது, ஜிஎஸ்டி பதிவில் அந்த முகவரி இருக்கிறது என்றால் வணிக நீதிமன்றம். காலி மனையை நாளைக்கு ஷோரூம் கட்டுவோம் என்று குத்தகைக்கு எடுத்த கதை என்றால் அல்ல. தப்பான கோர்ட்டில் போட்டால் பல மாதம் கழித்துப் பிராது கைக்குத் திரும்பும்.

நாங்கள் மூன்று பேர் கூட்டாகக் கடை. கூட்டு ஒப்பந்தப் பத்திரம் நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் இருக்கிறது, பதிவு செய்யவில்லை. வழக்குப் போடலாமா? (வாசகர், சேலம்)

முடியாது. கூட்டாண்மைச் சட்டம் 69-ஆம் பிரிவு. நிறுவனப் பதிவாளரிடம் முதலில் பதியுங்கள், மூவர் பெயரும் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வழக்கு. நாளை காலையே போங்கள்.

மஞ்சள் வியாபாரம். எதிருரை, ஆவண மறுப்பு எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்து "கேஸ் மேனேஜ்மென்ட் ஹியரிங்" என்கிறார்கள். நான் போக வேண்டுமா? எதிராளி ஒவ்வொரு உத்தரவுக்கும் மேலே போய் ஸ்டே வாங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. (வாசகர், ஈரோடு)

ஏற்பு, மறுப்பு அபிடவிட் எல்லோரும் போட்டு நான்கு வாரத்துக்குள் வர வேண்டிய அமர்வு அது. நீதிபதி இரு தரப்பு வக்கீலையும் வைத்து எழுவினாக்களை வகுப்பார், அதாவது இந்த வழக்கில் எதெல்லாம் உண்மையிலேயே சண்டை என்று முடிவு செய்வார். யார் யார் சாட்சி, எந்தத் தேதியில் முதல் விசாரணை அபிடவிட், எந்தத் தேதியில் குறுக்கு விசாரணை, எப்போது எழுத்து வாதம் என்று ஒரு கால அட்டவணையும் போடுவார். அந்த அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதம் முடிய வேண்டும், வாதம் முடிந்து 90 நாளில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. எல்லா ஊரிலும் அப்படியே நடக்கிறது என்று நான் சொன்னால் என் ஜூனியரே சிரிப்பார். ஆனால் போட்ட அட்டவணையை மீறுகிறவருக்குச் செலவுத்தொகை உண்டு, வேண்டுமென்றே திரும்பத் திரும்ப மீறினால் பிராதைத் தள்ளும் அல்லது வாதி பக்கமே வழக்கைத் தீர்க்கும் அதிகாரமும் உண்டு.

நீங்கள் கட்டாயம் போக வேண்டியதில்லை, ஆனால் போங்கள். உங்கள் எழுவினாவை வக்கீல் மட்டும் எழுதினால் "வாதிக்குப் பணம் சேர வேண்டுமா" என்று ஒரு பொத்தாம்பொதுவான வாசகம் வரும். "2024 மார்ச் ஏலத்தில் எடுத்த 120 மூட்டையில் ஈரப்பதம் கூடுதல் என்று பிரதிவாதி மூன்று நாளில் தெரிவித்தாரா" என்று பக்கத்தில் நின்று சொல்ல உங்களால்தான் முடியும். எழுவினா எப்படியோ, சாட்சியும் அப்படித்தான் போகும். சாட்சிப் பட்டியலில் மண்டி எழுத்தரைச் சேர்க்க மறந்துவிட்டு மூன்று மாதம் கழித்து வந்து கேட்காதீர்கள்.

மேலே போவது பற்றிப் பயம் வேண்டாம். இடைக்கால உத்தரவுகள் மீது சீராய்வு மனு போடுவதை வணிக நீதிமன்றச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு மூடிவிட்டது. உயர் நீதிமன்றத்தின் அரசியல் சாசன அதிகாரம் இருக்கிறது, ஆனால் அதை எல்லாவற்றுக்கும் எடுக்க மாட்டார்கள்.

வழக்குப் போட்ட பிறகு எதிராளியே வெளியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார். கட்டிய கோர்ட்டுக் கட்டணம் போனது போனதுதானா? (வாசகர், திருநெல்வேலி)

போகவில்லை. பண வசூல் வழக்குக்கு இப்போது தமிழ்நாட்டில் 3 சதவீதம். மேலே எழுதிய திருப்பூர் நண்பர் கணக்கில் 55 ஆயிரத்து 200 ரூபாய், சின்னத் தொகை இல்லை. கோர்ட்டு அனுப்பி வைத்துச் சமரசம் ஆனால்தான் திரும்பக் கிடைக்கும் என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், தாங்களாகவே வெளியில் பேசி முடித்தவர்களுக்கும் முழுக் கட்டணமும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கை முடிக்கும் அன்றைக்கே, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு தனி மனுவும் வக்கீலைப் போடச் சொல்லுங்கள். நீதிமன்றம் சான்றிதழ் தரும், பணம் கலெக்டர் அலுவலகத்தில். எதிராளி தரும் காசோலை கணக்கில் ஏறும்வரை மட்டும் முடித்துக்கொள்ளும் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.